பழைய விளையாட்டு நிரலைப் படித்தறியும் முறை

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள் மாணவர்களின் பயன் கருதி வகுத்த கணினி மொழியே 'பேசிக்' ஆகும். 1977-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் 2, கமடோர் பெட் முதலிய வீட்டுக் கணினிகளிலும் இம்மொழியே வழங்கிற்று. அக்காலத்தில் விளையாட்டு நிரல்கள் நூல்களில் வரிவரியாக அச்சிடப்பட்டன. வாங்கியவர் அவற்றைத் தாமே தட்டச்சுச் செய்து இயக்கினர். ஆதலின் அவற்றின் உள்ளமைப்பை இன்றும் எவரும் படித்தறியலாம்.

இவற்றுள் புகழ்பெற்றது 'ஹமுராபி' ஆகும். டேவிட் ஆல் 1973-இல் வெளியிட்ட தொகுப்பில் இது இடம்பெற்றது. வீட்டுக் கணினிகளுக்கேற்ற பதிப்பு 1978-இல் வந்தது. ஆடுபவர் பண்டைய சுமேரியாவைப் பத்தாண்டுகள் ஆள வேண்டும். தொடக்கத்தில் 100 மக்கள், 1,000 ஏக்கர் நிலம், 2,800 புஷல் தானியம் உள்ளன. ஒருவருக்கு ஆண்டுக்கு 20 புஷல் உணவு தேவை. இரண்டு ஏக்கருக்கு ஒரு புஷல் விதை வேண்டும்.

நிரலைப் படிப்பவருக்கு முதல் இடர்ப்பாடு எழுத்துகளால் நேர்வது. மாறிகள் பெரும்பாலும் ஓரெழுத்துப் பெயர்களே பெற்றுள்ளன. ஓரெழுத்தே பல பொருள்களுக்கும் ஆளப்படுகிறது. 'ஒய்' என்பது முதலில் நிலத்தின் விலை. பின்னர் ஏக்கர் விளைச்சல். 'டி' என்பது விதைத்த பரப்பு. பின்னர் பட்டினியால் இறந்தோர் தொகை. 'க்யூ' என்பது வாங்கும் நிலம், வழங்கும் உணவு, கொள்ளை நோயின் குறி ஆகிய மூன்றுமாகும். எனவே வரி எண், மாறி, அவ்விடத்தில் அதன் பொருள், மதிப்பு என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று வரைந்துகொள்ளுதல் நன்று.

இரண்டாவது இடர்ப்பாடு குறிப்புரைகளை அப்படியே நம்புவதால் விளைவது. கொள்ளை நோய்க்கு நூற்றுக்குப் பதினைந்து வாய்ப்பு என்று நிரலில் ஒரு குறிப்பு உள்ளது. கணினி அக்குறிப்பைப் படிப்பதில்லை. அடுத்த வரியின் கணக்கையே செய்கிறது. 0-க்கும் 1-க்கும் இடையே தற்செயலாக ஓர் எண்ணை எடுத்து, அதனை இரட்டித்து, 0.3 கழித்து, பத்தால் பெருக்கி, பின்னம் இருப்பின் அதற்குக் கீழுள்ள முழு எண்ணைக் கொள்கிறது. விடை 0-க்கு மேற்படாவிடில் நோய் தாக்கும்.

எடுத்த எண் 0.18 எனக் கொள்வோம். கணக்கிடின் 0.6 வரும், முழு எண் 0. நோய் உண்டு. 0.21 எனில் 1.2 வரும், முழு எண் 1. நோய் இல்லை. ஆகவே எல்லை 0.20 ஆகும், உண்மை வாய்ப்பு நூற்றுக்கு இருபது. விடை 0-க்குக் குறைந்தால் மட்டுமே நோய் என்று சோதனையைத் திருத்தின், குறிப்பிற் கண்ட பதினைந்து கிட்டும்.

இச்சோதனைக்குக் காகிதமும் பென்சிலும் போதும். கணினியில்லாத வகுப்பிலும் நடத்தலாம். பயிர்க் கணிப்பாயினும் நோய்ப் பரவல் கணிப்பாயினும், கணினி தரும் எண்ணுக்குப் பின்னால் எவரோ எழுதிய விதி ஒன்று நிற்கிறது. விளக்கவுரையை ஏற்குமுன் அவ்விதியைக் கையால் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கத்தை மாணவர் இத்தகைய எளிய நிரலிலேயே பெறுதல் சாலும்.