உற்சவர் லண்டன் போனால் யார் பொறுப்பு?

நான் இருக்கும் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின்போது பஞ்சமூர்த்திகள் மாட வீதிகளில் வலம் வருவார்கள். அவ்வளவு கூட்டத்திலும் யாரும் "இதுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்பதில்லை. உற்சவர் என்பவரே வெளியே போவதற்காக வார்க்கப்பட்டவர்தான். சோழர் காலச் செப்புப் படிமங்களின் பீடத்தைக் கவனித்துப் பாருங்கள். கழி செருகித் தூக்க வளையமோ துளையோ இருக்கும்.

அப்படி ஒரு படிமம் மாட வீதிக்குப் பதில் லண்டன் கண்காட்சிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னை அருங்காட்சியகத்திலும் தஞ்சைக் கலைக்கூடத்திலும் இருக்கும் படிமங்களில் பல, ஒரு காலத்தில் கோயில் உற்சவர்கள். வழியில் ஏதாவது ஆனால் யார் பணம் தருவார்? இதைத் தேடிப் படிக்கும்போது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அரசே ஜாமீன்

கண்காட்சிக்குப் பொருளைக் கடன் வாங்கும் அருங்காட்சியகம்தான் காப்பீட்டுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இது பொதுவான உலக வழக்கம். பிரச்சினை பிரீமியம்தான். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். கண்காட்சிப் பொருட்களின் மொத்த மதிப்பு 500 கோடி ரூபாய், பிரீமியம் நூற்றுக்குப் பத்துப் பைசா என்றால்கூட 50 லட்சம் ரூபாய். நாலு மாதக் கண்காட்சிக்கு இது பெரிய தொகை.

இதற்குச் சில நாடுகள் கண்ட வழி அரசு ஈட்டுறுதி, அதாவது இன்டெம்னிட்டி. பொருள் சேதமானாலோ தொலைந்தாலோ கஜானாவிலிருந்து பணம் தருகிறோம் என்று அரசே எழுதிக் கொடுத்துவிடும். பிரீமியம் கிடையாது. அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1975-ல் வந்தது. எகிப்தின் துத்தன்காமன் புதையல் 1976-லிருந்து அமெரிக்க நகரங்களைச் சுற்றிவந்தபோது இந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது. பிரிட்டனில் 1980-ம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டத்தின் கீழ் இது நடக்கிறது.

இதனால் அரசு திவாலாகிவிடாதா? இல்லை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளில் அரசு பணம் தர நேர்ந்த சம்பவங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். காரணம், அரசு சும்மா கையெழுத்துப் போடுவதில்லை. பெட்டி எப்படிச் செய்யப்பட்டது, யார் கூடவே பயணம் செய்கிறார், கண்ணாடிக் கூண்டு எவ்வளவு பலம், அறையின் ஈரப்பதம் என்ன, இரவில் காவல் யார் என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஆணியிலிருந்து கழற்றியது முதல் அதே ஆணியில் திரும்ப மாட்டும்வரை பொறுப்பு உண்டு.

விலை எங்கிருந்து வரும்?

ஈட்டுறுதிக்கு முதலில் ஒரு மதிப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் படிமங்களுக்கு இங்கேதான் சிக்கல் ஆரம்பம். 1972-ம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டப்படி, தொல்பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதாவது, இங்கே இருக்கும் படிமங்களுக்கு உலகச் சந்தை விலை என்று ஒன்று நியாயமாக உருவாகவே வழியில்லை. சட்டம் வருவதற்கு முன்பே வெளியே போனவை ஏலத்துக்கு வரும். அவை ஒரு பக்கம்.

மறுபக்கம், ஊரறிந்த விலைகள் எவை என்று பாருங்கள். சிவபுரம் நடராஜரை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் ஏறக்குறைய 10 லட்சம் டாலருக்கு வாங்கினார். செப்பனிடப் போன இடத்தில் போலி ஒன்றை மாற்றி வைத்து, அசலைக் கடத்தியிருந்தார்கள். 1986-ல்தான் திரும்பி வந்தது. ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, 2014-ல் திருப்பிக் கொடுத்தது. நம் சாமிகளின் விலையாக நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி திருட்டு விலைதான்! அதை வைத்துக்கொண்டு காப்பீட்டு மதிப்பு போடுவது என்பது யோசித்தால் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது.

மதிப்பைக் குறைத்துப் போட்டால் ஊரில் கோபம் வரும். 2007-ல் பாரிஸின் கிமே அருங்காட்சியகத்துக்குப் பொருட்களை அனுப்ப பங்களாதேஷ் முடிவு செய்தபோது, காப்பீட்டு மதிப்பு குறைவு என்பதும் அங்கே எழுந்த எதிர்ப்புகளில் ஒன்று. கடைசியில் டாக்கா விமான நிலையத்திலேயே இரண்டு சுடுமண் விஷ்ணு சிற்பங்கள் திருடு போயின. குப்பை மேட்டில் உடைந்த துண்டுகளாகத்தான் கிடைத்தன. கண்காட்சியே ரத்தானது.

பணம் வாங்கினால் பொருள் யாருடையது?

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். 1994-ல் லண்டன் டேட் கலைக்கூடம், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டுக்குக் கடனாக அனுப்பிய இரண்டு டர்னர் ஓவியங்கள் திருடு போயின. தனியார் காப்பீடு 2.4 கோடி பவுண்டு தந்தது. தந்ததோடு, ஓவியங்களின் உரிமையும் காப்பீட்டாளர்களுக்குப் போய்விட்டது. டேட் 1998-ல் 80 லட்சம் பவுண்டு கொடுத்து அந்த உரிமையைத் திரும்ப வாங்கியது. ஓவியங்கள் பிறகு கிடைத்தன.

இதே விதியை ஒரு உற்சவருக்குப் பொருத்திப் பாருங்கள். நம் சட்டத்தில் கோயில் தெய்வம் ஒரு சட்ட நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். பத்தூர் நடராஜர் வழக்கில் கோயில் வழக்காட முடியும் என்பதை லண்டன் நீதிமன்றமே ஏற்றது, 1991-ல் அவர் ஊர் திரும்பினார். அப்படிப்பட்ட ஒருவரை, நஷ்டஈடு வாங்கிக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பணத்தை வாங்கினாலும், பொருள் கிடைத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீட்டுக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

இன்னொன்று. எது நடந்தாலும் பணம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் அரசின் நிபந்தனைகளில் விலக்குகள் உண்டு. போர், கடன் கொடுத்தவரின் கவனக்குறைவு, பொருளுக்குள்ளேயே ஏற்கெனவே இருந்த கோளாறு, மூன்றாவது ஆள் வந்து "இது என்னுடையது" என்று உரிமை கோருவது ஆகியவை அதில் வரும். உள்ளிருக்கும் கோளாறு என்பது செப்புப் படிமத்துக்குச் சின்ன விஷயமில்லை. மண்ணில் புதைந்து கிடந்த படிமங்களுக்குள் குளோரைடு உப்பு தங்கியிருக்கும். ஈரப்பதம் ஏறினால் பச்சைப் பொடியாக அரிக்க ஆரம்பித்துவிடும். அது பயணத்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யார் தீர்ப்பது?

பிறகு என்னதான் செய்வது?

எதையும் அனுப்பவே கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. பாட்னாவின் தீதார்கஞ்ச் யட்சி, இந்தியத் திருவிழாக் கண்காட்சிக்கு அமெரிக்கா போனபோது முகத்தில் சேதமடைந்தாள். இனி வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று முடிவானது. இரண்டாயிரம் ஆண்டு மெருகு கலையாமல் இருந்த கல் அது. எந்தக் காசோலை அந்த முகத்தைத் திரும்பத் தரும்?

என் கட்சி கொஞ்சம் வேறு. திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றி உருகி எழுதிய சிற்பி ரோடின், அவரைப் புகைப்படத்தில்தான் பார்த்தார். நேரில் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அருங்காட்சியகத்தில் இருப்பவற்றில் உறுதியானவை போய் வரட்டும். பூஜையில் இருப்பவர் மாட வீதியோடு நிற்கட்டும்.

ஆனால், போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எல்லாப் பக்கமும் நல்ல படம், அளவு, எடை, இப்போதிருக்கும் ஒவ்வொரு கீறலும் எழுத்தில் இருக்க வேண்டும். ஸ்ரீபுரந்தான் நடராஜர் நம்முடையவர் என்று காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-களில் எடுத்து வைத்திருந்த படங்கள்தான். கண்காட்சிக்குப் போகிற படிமத்துக்கு மட்டுமில்லை, பூட்டிய கோயிலுக்குள் இருக்கிற படிமத்துக்கும் இது வேண்டும். உங்கள் ஊர்க் கோயில் உற்சவர்களுக்கு அப்படி ஒரு பதிவு இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.