போத்தலுக்குப் பஸ்ஸில் இடமில்லை!

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். ஈப்போ பட்டணத்திலிருந்து ஜெலாப்பாங் வரும் பஸ். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள், புத்தகப் பையோடு பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கி வரும் பாட்டி ஒருவர். உட்கார இடமில்லை. நாமும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம்.

கடைசி இருக்கையில் நம்மவர் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் போத்தல். வெளியில் எடுக்காமலே வாயில் வைத்துக் குடித்துக்கொண்டு வந்தார். பஸ் குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியின் பாவாடையில் சம்சு சிந்தியது. பிள்ளை அம்மாவோடு ஒட்டிக்கொண்டாள்.

"அண்ணே, பிள்ளைங்க இருக்குதுங்க. வீட்டுக்குப் போய் வச்சுக்கக் கூடாதா?" என்று அந்த அம்மா மெதுவாகத்தான் கேட்டார்.

"நான் என்னா ஓசியிலயா வர்றேன்? காசு கொடுத்துத்தான் ஏறுனேன். ஒன் வேலையப் பாரு!"

பஸ்ஸே அமைதியாகிவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், நாமும் திறக்கவில்லை. அந்த அம்மா தன் வீட்டுக்கு இரண்டு நிறுத்தங்களுக்கு முன்பே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கி, இருட்டில் நடந்து போனார்.

அன்று இறங்க வேண்டியது எது? இறங்கிப் போனவர் யார்? வீடு வந்து சேர்ந்த பிறகும் இந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

காசு கொடுத்தது எதற்கு?

தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் நமக்கு பஸ் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. விடிவதற்குள் பிரட்டு, அப்புறம் கித்தா மரம். பள்ளிக்கூடமும் மாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரத்தில்தான் இருந்தன. இன்று ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் சனங்கள் தாமானிலும் அடுக்குமாடியிலும் சிதறிக் கிடக்கிறார்கள். வேலை ஓர் இடம், பள்ளி ஓர் இடம், ஆஸ்பத்திரி வேறோர் இடம். மோட்டார் சைக்கிள் உள்ளவன் அதில் போகிறான். கார் வைத்திருப்பவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறான். பஸ்ஸில் போகிறவர்கள் யார்? பெண்கள், முதியவர்கள், மாணவர்கள், கையில் காசு குறைந்தவர்கள்.

ஆகவே பஸ்ஸில் ஒருவர் குடித்தால் அடிபடுவது ஏழையின் வீட்டுப் பெண்பிள்ளைதான். காசு கொடுத்தேன் என்கிறாரே அந்த அண்ணன், அந்த அம்மாவும் காசு கொடுத்துத்தான் ஏறினார். அவர் கொடுத்தது உட்காருவதற்கும் ஊர் போய்ச் சேருவதற்கும். இவர் கொடுத்ததும் அதற்குத்தான். குடிக்கிற உரிமைக்கு டிக்கெட்டில் பணம் சேர்க்கவில்லை!

ஓட்டுநர் கை நடுங்கினால்?

நாற்றத்தோடு போய்விடுகிற சங்கதியல்ல இது. தட்டிக் கேட்டால் வாய்ச்சண்டை. வாய்ச்சண்டை முற்றினால் கைகலப்பு. அது ஓட்டுநர் வரைக்கும் போனால் என்ன ஆகும்?

சீனாவின் சோங்சிங் நகர வட்டாரத்தில் 2018 அக்டோபர் 28-ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். தன் நிறுத்தத்தைத் தவறவிட்ட ஒரு பயணி ஓட்டுநரோடு சண்டை பிடித்தார். அவர் அடிக்க, இவர் திருப்பி அடிக்க, பஸ் பாலத்தை உடைத்துக்கொண்டு யாங்சி ஆற்றில் விழுந்தது. பஸ்ஸில் இருந்த 15 பேரும் போய்விட்டார்கள். போதை ஏறாத ஒருவரின் கோபமே இத்தனை உயிரைக் குடித்ததென்றால், போதையும் சேர்ந்த கோபம் என்ன செய்யும்? மேனோரா சுரங்கம் தாண்டி ஜெலாப்பாங் பக்கம் இறங்குகிற நெடுஞ்சாலைச் சரிவை நாம் அறிவோம். அந்த மாதிரி இடத்தில் ஓட்டுநரின் கவனம் ஒரு நொடி சிதறலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

குடித்துவிட்டு ஓட்டுகிறவருக்கு நம் நாட்டில் சட்டம் இப்போது கடுமை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை 2020-இல் திருத்தினார்கள். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுவரை இருக்கலாம் என்றிருந்த அளவு, அந்த ஆண்டு அக்டோபர் 23 முதல் 50-ஆகக் குறைந்தது. குடித்து ஓட்டி உயிரைப் பறித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை. 50,000 வெள்ளி முதல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம்.

சாராய விற்பனைக்கும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்கக் கூடாது. சம்சு போன்ற மலிவான கடும் சாராயத்தை 700 மில்லி லிட்டருக்குக் குறைந்த போத்தலில் விற்கக் கூடாது என்ற விதியும் அப்போதுதான் நடப்புக்கு வந்தது. சட்டைப் பைக்குள் அடங்குகிற அந்தக் குட்டிப் போத்தல் எத்தனை குடும்பத்தைக் கெடுத்தது என்று நம் தாய்மார்களைக் கேட்டால் தெரியும்.

பயணிக்கு? போதையில் பொது இடத்துக்கு வந்து பிறருக்குத் தொல்லை கொடுப்பது குற்றம் என்று தண்டனைச் சட்டத்தின் 510-ஆம் பிரிவு சொல்கிறது. கோலாலம்பூர் எல்.ஆர்.டி. ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. பட்டணத்து ரயிலுக்கு இத்தனை ஒழுங்கு இருக்கும்போது, நாம் ஏறும் பஸ்ஸில் "இங்கே மது அருந்தாதீர்" என்று ஒரு பலகை மாட்ட ஆகாதா? பலகை இருந்தால் அந்த அம்மா கெஞ்சியிருக்க வேண்டாம். விரலை நீட்டிக் காட்டியிருப்பார்.

சிங்கப்பூர் சொன்ன பாடம்

ஆனால், தோழர்களே, தடை என்றதும் "தள்ளு வெளியே!" என்று குதித்துவிடக் கூடாது. அதற்கு நம் இனத்துத் தொழிலாளி ஒருவர் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியா. விடுமுறை நாளைக் கழித்துவிட்டுத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிக்குத் திரும்பும் நேரம். தமிழகத்திலிருந்து பிழைக்க வந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர், குடித்த நிலையில், ரேஸ் கோர்ஸ் சாலையில் நின்ற பஸ்ஸில் ஏறினார். பஸ் நிறைந்துவிட்டது. அவரை இறங்கச் சொன்னார்கள். இறங்கினார். பஸ் நகர்ந்தது. அவரும் கூடவே நடந்தார். கால் தடுமாறிப் பின் சக்கரத்துக்கு அடியில் விழுந்தார். அங்கேயே முடிந்தது.

அதைப் பார்த்த கூட்டம் கொதித்தது. ஏறத்தாழ 400 பேர் கலவரத்தில் இறங்கினார்கள். போலீஸ் கார், ஆம்புலன்ஸ் உட்பட 5 வண்டிகள் எரிந்தன. பிறகு 25 பேர் மீது குற்றச்சாட்டு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடன் வாங்கிக் கப்பல் ஏறிய குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்!

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. கலவரம் பெரிதானதற்கு மதுவும் ஒரு காரணம் என்று அது 2014-இல் சொன்னது. 2015 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு முழுக்கவே தடை.

நாம் இதில் படிக்க வேண்டியது இரண்டு. குடித்தவரைப் பஸ்ஸில் வைத்துக்கொண்டு போவதிலும் ஆபத்து உண்டு. அவரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போவதிலும் ஆபத்து உண்டு. தள்ளாடுகிறவனை இருட்டில் இறக்கிவிட்டால் அடுத்த வண்டிச் சக்கரத்துக்கு அவனைக் காவு கொடுத்தது போலத்தான். அவனுக்கும் வீட்டில் அரிசியை உலையில் போட்டுவிட்டு ஒருத்தி காத்திருக்கிறாள்.

தடை எதற்கு?

ஆகவே தடை போத்தலுக்கு இருக்கட்டும். லண்டன் மாநகரில் அப்படித்தான் செய்தார்கள். 2008 ஜூன் 1 முதல் சுரங்க ரயிலிலும் பஸ்ஸிலும் மது அருந்தக் கூடாது, திறந்த போத்தலைக் கையில் வைத்திருக்கவும் கூடாது என்று அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன் உத்தரவிட்டார். "இன்றோடு கடைசி" என்று முதல் நாள் இரவே ஆயிரக்கணக்கானோர் ரயிலில் குடித்துக் கூத்தடித்தார்கள். 6 நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. 17 பேர் கைதானார்கள். கூத்து ஓய்ந்தது, தடை நின்றது. டெல்லி மெட்ரோ ரயிலில் 2023 முதல் மூடி திறக்காத இரண்டு போத்தல்களைக் கொண்டுபோகலாம். ரயிலுக்குள் குடிக்க மட்டும் கூடாது.

இதிலுள்ள நியாயத்தைப் பாருங்கள். வாங்கிக்கொண்டு போகிறவனை யாரும் தடுக்கவில்லை. கடையில் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனையும் தடுக்கவில்லை. அவன் காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டாமல் பஸ்ஸில் வருவது நமக்கும் நல்லதுதானே! பஸ்ஸுக்குள் மூடியைத் திறக்காதே, அவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு இது புதிதா?

மது விஷயத்தில் கட்டுப்பாடு கேட்பது நம் இனத்துக்குப் புதிதல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டது என்ன? கள்ளுக்கடையை மூடு என்பதுதான். போருக்குப் பின் கெடா பீடோங்கில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடை முன்னால் மறியல் நடந்தது. 1947-இல் போலீசாரோடு மோதல் வந்து உயிர்ப்பலியும் நேர்ந்தது. ரப்பர் பால் நாறும் கையோடு நின்றவர்கள் அவர்கள். நாம் கேட்பதோ ஒரு பலகை!

என்ன செய்யலாம்?

பஸ் நிறுவனங்கள் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் அறிவிப்பு வைக்கட்டும். போதையில் தொல்லை கொடுக்கிறவரை வெளிச்சமும் ஆளும் உள்ள நிலையத்தில் இறக்கி, அங்குள்ளவரிடம் ஒப்படைக்கும்படி ஓட்டுநர்களுக்குச் சொல்லி வைக்கட்டும். அடிதடி என்றால் 999.

தொழிற்சாலை பஸ்களில் வேலைக்குப் போய்வரும் தோழர்கள் தங்கள் தொழிற்சங்கத்தின் வழியாக இதே ஒழுங்கைக் கேட்கலாம். அரசாங்கம் சட்டம் போடட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

குடிக்கிற அண்ணன்மார்களே, உங்களைத் திட்ட இதை எழுதவில்லை. முதுகு ஒடிய உழைத்த வலி நமக்கும் தெரியும். விட முடிந்தால் விடுங்கள். முடியவில்லை என்றால், வீடு போய்ச் சேரும் அந்த அரை மணி நேரம் போத்தல் மூடியிலிருந்து கையை எடுங்கள். பக்கத்தில் இருப்பது உங்கள் மகளாக இருந்தால் எப்படி உட்காருவீர்களோ, அப்படி உட்காருங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த அம்மா பேசியபோது இன்னும் இரண்டு பேர், "ஆமாண்ணே, உள்ள வச்சுடுங்க" என்று சொல்லியிருந்தால் அவர் இருட்டில் நடந்திருக்க மாட்டார். அடுத்த தடவை நாம் சொல்வோம். நீங்களும் சொல்லுங்கள்.