பச்சைத் தண்ணீரில் ஊறும் தேநீர்: பானையில் வேண்டாம்!

சித்திரை, வைகாசி மாதங்களில் நத்தம் மாந்தோப்புகளில் காசாவும் கல்லாமையும் இறங்கும். காய் பறிக்க வந்தவர்களுக்கு 11 மணிக்குத் தூக்குவாளியில் சூடான டீ போகும். அந்த வெயிலில் பலருக்கு அது தொண்டையில் இறங்குவதில்லை. ‘தேயிலையைக் கொதிக்க வைக்காமல் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குடிக்கலாமாமே, ராத்திரியே மண்பானையில் போட்டு வைக்கலாமா?’ என்ற கேள்வி இந்தப் பருவத்தில்தான் எழுகிறது.

ஊறப்போடலாம். ஆனால், மண்பானையில் போடக் கூடாது.

சூடான நீர் தேயிலையின் துவர்ப்பையும் காஃபினையும் சில நிமிடங்களில் இழுத்துவிடும். குளிர்ந்த நீரில் இவை மெதுவாக, குறைவாக இறங்குகின்றன. அதனால் கசப்பு குறைந்து, மணம் மேலோங்கி நிற்கும். ஜப்பானில் பச்சைத் தேயிலையை இப்படிக் குளிர்நீரில் ஊறவைத்துக் குடிப்பது வழக்கம். நத்தத்தை ஒட்டிய சிறுமலையில் காப்பி விளைகிறது. தேயிலைக்கு நீலகிரியைத்தான் பார்க்க வேண்டும். நீலகிரித் தேயிலைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் சாறு குளிர்ந்த பிறகும் அவ்வளவாகக் கலங்காது. குளிர்ந்த தேநீருக்கு அதை உலகச் சந்தையில் விரும்பி வாங்குவது இதனால்தான். அங்குள்ள சிறு விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகளின் இணையமான இண்ட்கோசர்வ் 1965 முதல் இயங்குகிறது.

செய்முறை எளிது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து நன்றாக ஆற விட வேண்டும். கழுவிக் காயவைத்த எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் அதை ஊற்றி, 10 கிராம், அதாவது ஏறக்குறைய 4 தேக்கரண்டி தேயிலையைப் போட்டு மூடி, ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். முழு இலைத் தேயிலை என்றால் 6 முதல் 8 மணி நேரம். மளிகைக் கடையில் கிடைக்கும் குருணைத் தூளுக்கு 3, 4 மணி நேரமே போதும். அதற்கு மேல் விட்டால் துவர்க்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டலாம், ஆனால் துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கசப்பும் மண்டியும் சேர்ந்தே வரும். வெல்லம் குளிர்நீரில் எளிதில் கரையாது. பாகு காய்ச்சி ஆறவைத்துக் கலப்பது நல்லது. எலுமிச்சையைக் குடிக்கும்போது பிழிந்தால் போதும். நிறம் வெளுத்தால் பயப்பட வேண்டாம், புளிப்பு பட்டால் தேநீர் அப்படித்தான் மாறும். வடிகட்டியதை ஃப்ரிட்ஜிலேயே வைத்து ஒரு நாளைக்குள் முடித்துவிட வேண்டும்.

இனி பானை விஷயம். காய்ந்த தேயிலை கிருமியில்லாத பொருள் அல்ல. வழக்கமான டீயில் கொதிநீர் அந்தக் கிருமிகளைக் கொன்றுவிடுகிறது. ஊறப்போடும்போது அந்த வேலை நடப்பதே இல்லை. ஃப்ரிட்ஜின் 5 டிகிரி குளிரில் கிருமி பெருகுவது மட்டுப்படும். மண்பானை தண்ணீரைச் சில டிகிரிதான் குளிர்விக்கும். கோடை இரவில் பானைக்குள் இருக்கும் இளஞ்சூடு கிருமிகளுக்கு வாகானது. அமெரிக்காவில் கண்ணாடி ஜாடியில் தேயிலையும் தண்ணீரும் போட்டு வெயிலில் வைக்கும் பழக்கம் உண்டு. அங்குள்ள சுகாதாரத் துறையினர் அது வேண்டாம் என்று எச்சரிப்பதும் இதற்காகவே. அறுவடை நாளில் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கூலி, காய் இரண்டும் போகும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் வேறு வழி இருக்கிறது. தேயிலையைக் கொதிநீரில் 5 நிமிடம் ஊறவிட்டுக் கெட்டிச் சாறாக வடிக்க வேண்டும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆறவைத்து, காய்ச்சி ஆறிய நீரைச் சேர்த்து, 2 மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்க்கலாம். இது குளிர்நீரில் ஊறியது அல்ல, ருசியும் கொஞ்சம் மாறும். ஆனாலும் பயமில்லை.

தூளைச் சோதிக்கவும் பச்சைத் தண்ணீர் உதவும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பார்க்கலாம். நல்ல தூளின் நிறம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். போட்ட கணமே செக்கச் செவேலென்று சாயம் ஓடினால், கலப்படமோ என்று சந்தேகப்பட வேண்டும்; அதைக் குடிக்காமல் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சூடோ குளிரோ, சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரையைச் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையின் பலன் குறைகிறது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வியர்வையில் போகும் உப்பை இந்தத் தேநீர் ஈடுகட்டாது. அதற்கு உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோதான். குழந்தைகளுக்கும் மோரே போதும்.

ஊறிய சக்கையைக் கறிவேப்பிலைச் செடியின் தூரில் மண்ணோடு கிளறிவிடலாம், மக்குக்குழியிலும் போடலாம். வெல்லப்பாகு கலந்த பிறகு வடிகட்டிய சக்கை என்றால் ஒரு முறை அலசிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வந்து சேரும்.