அ... ஆ... இ... ஈ... இதில் எது சரி?

போன மாதம் ஒரு நாள் காலை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. எட்டாவது படிக்கும் என் சின்னவன் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜபம் செய்துகொண்டிருந்தான். "பரவாயில்லையே, பிள்ளைக்கு பக்தி வந்துவிட்டதே!" என்று காதைத் தீட்டினேன்.

"ஒண்ணு ஆ, ரெண்டு ஈ, மூணு ஆ, நாலு அ, அஞ்சு இ..."

"என்னடா இது?"

"சயின்ஸ் ஒன் வேர்டும்மா. இன்னிக்கு டெஸ்ட்!"

"சரி, மூணாவது கேள்வி என்ன?"

கண்ணைத் திறந்து, என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "கேள்வி எதுக்கும்மா? விடைதானே எழுதணும்!"

அன்று சாயந்திரம் பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. டீச்சர் கேள்விகளின் வரிசையை மாற்றிவிட்டாராம். இருபதுக்கு நாலு. "டீச்சர் ஏமாத்திட்டாங்கம்மா!" என்று ஒரே புலம்பல். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் பயமும் வந்தது.

வகுப்பறைக் கூத்து

கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்தவள்தான். அதனால் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' என்ற அந்த ஒரு வரி படுத்தும் பாடு எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு முறை வகுப்பில் விடைத்தாளைத் திருத்திக்கொண்டே, "பதினோராவது கேள்விக்கு என்ன விடை?" என்று கடைசி பெஞ்சுப் பையனைக் கேட்டேன். "ஈ, டீச்சர்!" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நிஜமாகவே என் மூக்கின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்திருக்கிறது! அவன் விடையைச் சொன்னானா, ஈயைச் சொன்னானா என்பது இன்று வரை தெரியாது. ஆனால் விடை என்னவோ 'ஈ'தான். மார்க் கொடுத்தேன்.

இன்னொரு பெண் நன்றாகப் படிக்கிறவள். சரியான விடையை எழுதி, அதை அடித்துவிட்டுத் தப்பான விடை எழுதியிருந்தாள். "ஏம்மா இப்படி?" என்றால், "தொடர்ந்து நாலு 'ஆ' வந்துடுச்சு டீச்சர். அஞ்சாவதும் 'ஆ'வாவா இருக்கும்? அதான் மாத்திட்டேன்" என்றாள். இந்தக் கவலை உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் உண்டு. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

காதைத் தொட்டால் 'அ', மூக்கைத் தொட்டால் 'ஆ', கன்னம் 'இ', தலையைச் சொறிந்தால் 'ஈ' என்று ஒரு கூட்டணி. பரீட்சை ஹாலே பரதநாட்டிய அரங்கேற்றம் மாதிரி இருக்கும். அபிநயம் பிடித்த பையனுக்கே விடை தெரியாது என்பது திருத்தும்போதுதான் புரிந்தது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே தப்பு!

யார் தொடங்கி வைத்தது?

இந்த முறை நம் ஊரில் முளைத்ததல்ல. அமெரிக்காவில் கன்ஸாஸ் மாநிலத்தில் ஃபிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர், 1915-ம் ஆண்டு வாக்கில், வாசிக்கும் திறனைச் சோதிக்க ஒரு தேர்வு தயாரித்தார். ஒரே விடைத்தாளுக்கு ஓர் ஆசிரியர் ஒரு மார்க்கும் இன்னொருவர் வேறு மார்க்கும் போடுகிறார்களே, அந்தப் பாரபட்சம் போக வேண்டும், திருத்தும் நேரமும் குறைய வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதில் ஒரு கேள்வி: பசு, புலி, எலி, ஓநாய் - இவற்றுள் பண்ணைக்குப் பயன்படுவது எது? விடை, பசு. பழைய தமிழில் பசுவுக்கு 'ஆ' என்று பெயர். ஆக, அங்கேயும் விடை 'ஆ'!

முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான சிப்பாய்களை இதே போன்ற தேர்வுகளால் தரம் பிரித்தது. பிறகு மிச்சிகன் மாநிலத்தில் ரெனால்ட் ஜான்சன் என்ற பள்ளி ஆசிரியர் விடைத்தாள் திருத்தும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பென்சில் கரியில் மின்சாரம் பாயும் அல்லவா? கறுப்படித்த இடத்தை அதை வைத்தே இயந்திரம் கண்டுகொள்ளும். 1930-களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஒளியைக் கொண்டு படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் வட்டங்களைக் கறுப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாள் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

ஒரு வட்டம் தள்ளிப்போனால்...

இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

என் மூத்தவள் ப்ளஸ் டூ. நீட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். 2025-ல் நடந்த நீட் தேர்வில் 180 கேள்விகள், மூன்று மணி நேரம். அதாவது கேள்விக்கு ஒரு நிமிஷம். சரியென்றால் 4 மார்க், தப்பென்றால் 1 மார்க் பிடித்தம். வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். அழிக்க முடியாது.

அவள் படிக்கும் பயிற்சி மையத்தில் இதே மாதிரி ஒரு மாதிரித் தேர்வு. முடிவு வந்த அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. நேரே போய்ப் படுத்துவிட்டாள். 720-க்கு 241. ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டால், "எனக்கு மண்டையில ஒண்ணுமே இல்லம்மா. என்னை விட்டுடு" என்று அழுகை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணால் ஜாடை காட்டி நிறுத்தினேன்.

எல்லாரும் தூங்கின பிறகு கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் பென்சிலால் விடைகளைக் குறித்து வைத்திருந்தாள். விடைப்பட்டியலை வைத்துக்கொண்டு நானே திருத்தினேன். இரண்டு முறை கூட்டினேன். 466!

காலையில் அவளை உட்கார வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 95-வது கேள்வி தெரியாமல் விட்டிருக்கிறாள். ஆனால் 96-வது விடையை 95-வது வட்டத்தில் போட்டுவிட்டாள். அதிலிருந்து எல்லாமே ஒரு வரிசை மேலே. கடைசிக் கேள்வியை முடித்தபோது ஒரு வரிசை மிச்சம் இருந்ததாம். அப்போதே மணியும் அடித்துவிட்டதாம். "யார்கிட்ட சொல்றதும்மா? சொன்னா சிரிப்பாங்க" என்றாள்.

தாளைத் தூர வைத்துவிட்டு, "இதயத்துல ரத்தம் ஏன் திரும்பிப் போகாது? எனக்குச் சொல்லு" என்றேன். அ, ஆ, இ, ஈ எதுவும் கொடுக்கவில்லை. இடியாப்பத் தட்டைத் திருப்பி வைத்துக் காட்டி, வால்வு ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி என்று பத்து நிமிஷம் விளக்கினாள். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது! ஆனால் இன்னும் சில கேள்விகள் கேட்டபோது வேறொன்றும் தெரிந்தது. சரியாகக் குறித்திருந்த ஐந்தாறு விடைகளுக்கு அவளால் காரணம் சொல்ல முடியவில்லை. "எங்கயோ பார்த்த மாதிரி இருந்துதும்மா, போட்டேன்."

தெரிந்ததற்கு மார்க் போனது. தெரியாததற்கு மார்க் வந்தது. அந்தத் தாளில் இரண்டும் நடக்கும். அதை வைத்தா பிள்ளையின் மண்டையை அளப்பது?

பெரியவர்களே தடுமாறுகிற இடமும் உண்டு. 2024 நீட் தேர்வில் அணு பற்றிய ஒரு பௌதிகக் கேள்விக்குப் பழைய பாடப்புத்தகப்படி ஒரு விடை, புதிய புத்தகப்படி இன்னொரு விடை. முதலில் இரண்டுக்குமே மார்க் கொடுத்தார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஒரு விடைதான் சரி என்று சொன்னார்கள். மற்றதைக் குறித்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மார்க் குறைந்தது. அக்காவின் பழைய புத்தகத்தைத் தங்கைக்கு எடுத்து வைக்கும் வீடு நம்முடையது. பழைய புத்தகம் இருக்கட்டும். ஆனால் புதுப் பதிப்பையும் கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் 2020-ல் ஐந்தாவதாக ஒரு வட்டம் வந்தது: 'விடை தெரியவில்லை'. பக்கத்து வீட்டு மாமியின் மருமகள் குரூப் நாலு எழுதிவிட்டு வந்து, "தெரியலைங்கறதையும் கறுப்படிச்சு ஒத்துக்கணுமாம் அக்கா!" என்று சிரித்தாள். யோசித்தால், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஓர் இடம் இருப்பது நல்லதுதான். வீட்டிலும் நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறோமா?

அம்மாக்கள் செய்யக் கூடியவை

* விடைகளைக் கையால் மூடிக்கொண்டு கேள்வியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். விடையைத் தானாக யோசித்த பிறகு கையை எடுக்கட்டும்.

* "எது சரி?" என்பதோடு விடாமல், "மற்ற மூன்றும் ஏன் தப்பு?" என்றும் கேளுங்கள். ஒரு கேள்வியில் நாலு பாடம் படித்துவிடலாம்.

* பத்துக் கேள்விக்கு ஒரு முறை, கேள்வி எண்ணும் வட்டத்தின் எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்க்கப் பழக்குங்கள். ஒரு கேள்வியை விட்டால், அந்த வரிசையையும் விட வேண்டும்.

* முதலில் தோன்றிய விடைதான் எப்போதும் சரி என்பது வெறும் நம்பிக்கை. யோசித்து மாற்றிய விடைகள் பெரும்பாலும் தப்பிலிருந்து சரிக்கே போகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மாற்றுவதைக் கேள்வித்தாளிலேயே முடித்துவிட்டு, பிறகு பேனாவை எடுக்கட்டும்.

* நீட் கணக்குப்படி, நாலில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சராசரியாகக் கிடைப்பது கால் மார்க்தான். இரண்டு தப்பு விடைகளை நிச்சயமாக நீக்க முடிந்தால் அதுவே ஒன்றரை ஆகும். அப்போது துணிந்து போடலாம்.

* இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். முதல் நாள் ராத்திரி இரண்டு மணி வரை விழித்தால் மறுநாள் வட்டம் இடம் மாறத்தான் செய்யும். காலையில் பழகிய உணவே போதும்.

* வாசலிலேயே "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். முதலில் ஒரு வாய் காபி குடிக்கட்டும்.

மூத்தவள் அதற்கப்புறம் இரண்டு மாதிரித் தேர்வு எழுதிவிட்டாள். மார்க் ஏறுகிறது, இறங்குகிறது. ஆனால் வரிசை தவறவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் தள்ளவில்லை.

சின்னவன்? அவனுக்குக் கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று பாடம் நடத்திவிட்டு, நேற்று சாயந்திரம் ஒரு பரீட்சை வைத்தேன்.

"இன்னிக்கு டிபன் என்ன வேணும்? அ, இட்லி. ஆ, தோசை. இ, அடை. ஈ, உப்புமா. யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கவே இல்லை. "மேற்கண்ட அனைத்தும்!"