அலுமாரிக்குள் இருக்கும் மிஷின்



இந்த வார எபிசோடில் நித்திரையை அளக்கும் வாட்ச்களைப் பற்றிக் கதைத்தோம். இடையில் அப்பாவின் குறட்டையைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மிச்சக் கதை இது.

அப்பாவுக்கு ஸ்லீப் அப்னியா. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதை அடைபடும். மூளை திடுக்கிட்டு எழுப்பும், மூச்சு வரும், திரும்ப அடைபடும். முழுசாகவோ பாதியாகவோ இப்படி ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தரம் நடக்கிறது என்ற கணக்குத்தான் ஏஎச்ஐ. 5 முதல் லேசு, 15 முதல் நடுத்தரம், 30 முதல் கடுமை.

கிளினிக்கில் சீபாப் மிஷின் கொடுத்தார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பிப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும். அருமையான சாமான். ஆனால் அப்பா, "உதைப் பூட்டிக்கொண்டு மனுசன் படுக்கேலுமே?" என்றார். மூன்று மாதத்தில் மிஷின் அலுமாரிக்குள்.

அப்பா விடிய 4 மணிக்கு டெலிவரி வேன் எடுக்கிறவர். இங்கே நடுத்தர அல்லது கடுமையான அப்னியாவோடு பகலில் அளவுக்கு மீறிய நித்திரையும் வந்தால் டிவிஎல்ஏக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக்கு வரும்வரை ஓட்டக்கூடாது. லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் டொக்டரிடமே போகாத மாமாமார் எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள்.

சீபாப் சரிவராவிட்டால் வேறு வழி இருக்கு. ரக்பி விளையாடுபவர்களின் மவுத்கார்ட் மாதிரி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் மாட்டும் ஸ்பிளின்ட். கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னுக்குப் பிடித்து வைக்கும். தாடையோடு நாக்கும் முன்னுக்கு வரும், பின்னால் பாதை அகலும். கரண்டும் வேண்டாம், சத்தமும் இல்லை.

சீபாப் அளவுக்கு வேலை செய்யுமா? ஏஎச்ஐயை மட்டும் பார்த்தால் இல்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கோ. ஏஎச்ஐ 30, நித்திரை 7 மணித்தியாலம் என்றால் ஒரு இரவில் 210 அடைப்பு. சீபாப் அதை 3 ஆக்குகிறது, ஆனால் 4 மணித்தியாலத்தில் கழற்றி எறிகிறார்: 12 + 90 = 102. ஸ்பிளின்ட் 12 வரைதான் குறைக்கிறது, ஆனால் விடியும்வரை வாயில் இருக்கிறது: 84. சேர்வர் எவ்வளவு வேகம் என்றாலும் பாதி நேரம் டவுன் என்றால் என்ன பிரயோசனம்? அதேநேரம் சீபாப்பை முழு இரவும் போடுபவருக்கு வெறும் 21தான். அவர் மாறத் தேவையில்லை.

2013இல் வெளியான சிட்னி ஆய்வில் 126 பேரைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் இரண்டையும் ஒவ்வொரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். சீபாப்பை இரவுக்குச் சராசரி 5.2 மணித்தியாலம் போட்டார்கள், ஸ்பிளின்டை 6.5. பகல் நித்திரையும் சிமுலேட்டரில் வாகனம் ஓட்டும் திறனும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. இங்கிலாந்தில் 2021இல் வந்த நைஸ் வழிகாட்டுதலும், சீபாப்பைத் தாங்க முடியாத அல்லது விரும்பாத பெரியவர்களுக்கு, பல்லும் முரசும் நல்லா இருந்தால், அளவெடுத்துச் செய்த ஸ்பிளின்டைக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம் என்கிறது.

ஒன்லைனில் வாங்கிச் சுடுதண்ணியில் போட்டுக் கடிக்கிற சாமானுக்கு அவசரப்படாதீங்கோ. 2014இல் வெளியான கேம்பிரிட்ஜ் பாப்வர்த் ஆய்வில் 90 பேர் மூன்று வகை ஸ்பிளின்ட்களைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றும் ஏஎச்ஐயைக் குறைத்தன, ஆனால் சுடுதண்ணி வகைதான் கடைசி. தாடை நோ, எச்சில் ஊறுதல், காலப்போக்கில் கடி மாறுதல் எல்லாம் வரலாம். பல்வைத்தியரின் கண் வேண்டும்.

இன்னொன்று. சீபாப் ஒவ்வொரு இரவும் லொக் எழுதும், ஸ்பிளின்ட் வாயே திறக்காது. குறட்டை நின்றாலும் அடைப்பு தொடரலாம். ஆகவே ஸ்பிளின்டைப் போட்டபடியே திரும்ப ஒரு ஸ்லீப் டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கோ.

அப்பாவுக்கு அந்த டெஸ்ட் அடுத்த மாதம். அதுவரை வேன் சாவி அம்மாவிடம். உங்கள் வீட்டு அலுமாரியையும் ஒருக்காத் திறந்து பாருங்கோ.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.