பேறுகாலத் துணையின் பையில் என்ன இருக்கவேண்டும்?

பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கியதும் நம் இல்லங்களில் ஆயத்தங்கள் தொடங்கிவிடும். பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து மடித்து வைப்பார்கள். தொட்டில் கயிற்றைத் தேடி எடுப்பார்கள். காயத்துக்கு வேண்டிய சாமான்களை வாங்குவார்கள். இவை யாவும் பிள்ளை பிறந்த பின்னர்ப் பயன்படுவன. ஆனால் வலி கண்ட நேரம் முதல் பிள்ளை பிறக்கும் வரை தாயின் அருகே இருக்கப் போகிறவள் யார், அவள் எதைக் கொண்டு செல்லவேண்டும் என்று முன்னரே எண்ணிப் பார்க்கும் குடும்பங்கள் சிலவே. இதைக் குறித்துச் சற்றே சிந்திப்போம்.

மேலைநாடுகளில் இவ்வாறு துணை நிற்கும் பெண்ணை 'டூலா' என்கிறார்கள். இவள் மருத்துவரும் அல்லள், மருத்துவச்சியும் அல்லள். தாயைத் தேற்றி உடனிருப்பதே இவள் பணி. பணிவிடை செய்யும் பெண், அடிமைப் பெண் என்பதே இக்கிரேக்கச் சொல்லின் பொருள். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், வானதூதருக்கு மறுமொழி கூறும் கன்னிமரியா தம்மைக் குறிக்க ஆளும் சொல்லும் இதுவே. அவரே மலைநாட்டுக்கு விரைந்து சென்று, முதிய வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தோடு ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார் என்பதை நாம் அறிவோம்.

துணையிருப்பதால் வரும் நன்மை வெறும் ஆறுதல் மட்டுமன்று. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. இடைவிடாத துணையைப் பெற்ற தாய்மாருக்கு இயல்பான பிரசவம் மிகுதியாகவும், அறுவைச் சிகிச்சை குறைவாகவும், வலிநேரம் சுருக்கமாகவும் அமைந்தன என்று அது கூறுகிறது. தாய் தானே தெரிந்துகொண்ட ஒருவர் உடனிருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. நம் தமிழகமோ 2004-ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணைக்கு வழிவகுத்தது.

மலைவாழ் குடும்பங்களுக்கு

கொல்லிமலை போன்ற இடங்களில் இத்துணையின் தேவை இருமடங்காகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு. மேல்சிகிச்சை வேண்டுமென்றால் காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பின்னும் நாமக்கல் நோக்கிப் பயணம் செய்யவேண்டும். 2008 முதல் 108 ஊர்தி வருகிறது என்பது பெரும் பேறு. ஆயினும் வலியில் துடிக்கும் பெண்ணுக்கு அவ்வளைவுகள் ஒவ்வொன்றும் ஒரு சோதனையே. நள்ளிரவில் அறிமுகமில்லாத ஊரில் வெந்நீருக்கும் தின்பண்டத்துக்கும் துணையிருப்பவள் வெளியே அலைந்தால், அந்நேரத்தில் தாய் தனித்து விடப்படுகிறாள்.

ஆகவே, துணையின் பைக்கு விதி ஒன்றுதான்: தாயின் அருகைவிட்டு எழுந்து போகாமலிருக்க எவை உதவுமோ, அவை பையில் இருக்கவேண்டும்.

வழிக்கு வேண்டியவை

முதலாவது, காகிதங்கள்: தாய்-சேய் நலப் புத்தகம், பிக்மி எண், பரிசோதனைச் சீட்டுகள், ஆதார் அட்டை. இவற்றை ஒரே உறையில் இட்டு, தாயின் இரத்த வகையையும் உறவினரின் தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதி வைக்கவேண்டும். மலையில் எல்லா இடத்திலும் கைப்பேசி பேசாது; அது அணைந்துபோனால் எண்களும் அதனோடு போய்விடும். மேலும் ஒரு கைவிளக்கு, மின்னேற்றி, மலைக்குளிருக்குக் கம்பளி, சாய்ந்துகொள்ளத் தலையணை, வாந்திக்கு நான்கைந்து உறைகள், முகர்வதற்கு ஓர் எலுமிச்சம்பழம், சிறிது சில்லறைப் பணம்.

தாய்க்கு வேண்டியவை

வெந்நீர்க் குடுவை ஒன்றும் குடிநீர்ப் புட்டி ஒன்றும் தேவை. சிக்கலில்லாத பிரசவமாயின் வலிநேரத்தில் தாய் பருகவும் எளிய உணவு உண்ணவும் தடையில்லை என்பது இன்றைய மருத்துவ அறிவு. எனினும் செவிலியரைக் கேட்டுக்கொண்டே கொடுக்கவேண்டும். சாமைக் கஞ்சியும், மலை வாழைப்பழமும் போதும். முகம் துடைக்க மென்மையான துணிகள் இரண்டு. இடுப்பில் ஒத்தடமிட வெந்நீரில் நனைத்துப் பிழிய ஒரு தடித்த துண்டு. வியர்வைக்கு ஓர் ஓலை விசிறி. தலைமுடியை ஒதுக்கிக் கட்ட நாடா. உதடு வறண்டால் தடவச் சிறிது தேங்காயெண்ணெய். நடக்கச் சொன்னால் அணியச் செருப்பு. மாற்றுடையும், பிறந்தவுடன் குழந்தையைத் துடைத்துப் போர்த்தத் துவைத்துக் காயவைத்த துணிகளும் தனியே கட்டப்படவேண்டும். 2015-இல் தமிழக அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பெட்டகத்தில் 16 பொருள்கள் உண்டு. ஆனால் அது பிறப்புக்குப் பின் கைக்கு வருவது.

துணையிருப்பவளுக்கு வேண்டியவை

இதையே பலர் மறந்துவிடுகிறார்கள். பசித்தவளும் குளிரில் நடுங்குபவளும் பிறரைத் தேற்ற இயலாது. அவளுக்கும் கட்டுச்சோறு, மாற்றுடை, போர்வை, தான் வழக்கமாக உண்ணும் மாத்திரை ஆகியவை வேண்டும். நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, சோப்பும் எடுத்துச் செல்லவேண்டும். துணையாக வருபவள் முடிந்தால் தானும் பிள்ளைபெற்ற உறவுப்பெண்ணாக இருக்கவேண்டும். தொற்றுநோய் இல்லாதவளாய், தூய உடை உடுத்தி, இறுதிவரை உடனிருக்கவேண்டும். மருத்துவப் பணியாளரின் வேலையில் குறுக்கிடலாகாது என்று 2016-இல் மத்திய அரசு நெறி வகுத்துள்ளது. செபமாலையும் பையில் இருக்கட்டும். ஆனால் தாய் கைநீட்டும்போது அக்கையைப் பற்றிக்கொள்வதே அந்நேரத்துச் செபம்.

பையில் இருக்கக்கூடாதவை

முற்காலத்து மருத்துவச்சியின் பையில் பிளேடும் நூலும் சோப்பும் இருந்தன. சுத்தமான கை, சுத்தமான விரிப்பு, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், சுத்தமான தொப்புள்கொடி என்ற ஐந்து சுத்தங்களை அவர்களுக்குக் கற்பித்ததும், தாய்மாருக்குத் தடுப்பூசி இட்டதும் பச்சிளங் குழந்தைகளைக் கொன்ற இரணஜன்னியை ஒடுக்கப் பெரிதும் உதவின. தாய்க்கும் சேய்க்கும் வரும் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் உறுதி செய்யப்பட்டது. இன்று கொடி அறுப்பது செவிலியர் வேலை. துணையின் பையில் பிளேடுக்கு இடமில்லை. வலியை விரைவுபடுத்த விளக்கெண்ணெயும் நாட்டு மருந்தும் வேண்டா. சேனை தொட்டு வைக்கச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வேண்டா. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்டுவதே குழந்தைக்கு முதல் விருந்து. வயிற்றை அழுத்தித் தள்ளும் வழக்கமும் கூடாது, அது ஆபத்து. மிகுந்த இரத்தப்போக்கு, வலிப்பு, கடுந்தலைவலி, கண்மங்கல், பச்சை நிறமான பனிக்குட நீர் இவற்றில் எதைக் கண்டாலும் உடனே செவிலியரை அழைக்கவேண்டும்.

இல்லறத்தாருக்கு ஒரு வேண்டுகோள். எட்டாம் மாதம் முடியுமுன்னரே பையைக் கட்டிக் கதவருகே மாட்டிவையுங்கள். அதைச் சுமந்து செல்பவள் யார் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். அவள் தாயா, அக்காளா, அத்தையா என்பதைக் கருவுற்ற பெண்ணே சொல்லட்டும். உறவினர் எவரும் இல்லாத பெண் நம் அன்பியத்தில் இருப்பாளாயின், அவளுக்காக அண்டை வீட்டுத் தாய் ஒருத்தி முன்வரட்டும். பையில் ஏதேனும் ஒன்று மறந்துபோனால் பிறரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். துணைக்கு ஆள் இல்லாமற் போனால் அந்த இரவில் யாரிடம் போய்க் கேட்பது?