கரிசல் இருட்டில் வெள்ளைப் பன்றிகள்

பின் இருக்கையைக் காலி செய்வதே பெரும்பாடு! பேட்டரிகள், சார்ஜர் வயர்கள், பாதி தின்ற சூரியகாந்தி விதைப் பாக்கெட், உண்ணிக்கு அடிக்கும் ஸ்பிரே, சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஏறிக்கொண்டேன். நீங்களும் நெருக்கி உட்காருங்கள். டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ நகருக்கு வடக்கே, மார்ச் மாத இரவில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறோம்!

வண்டி ஓட்டுகிறவர் பகலில் ஏசி மெக்கானிக். பக்கத்தில் அவருடைய மைத்துனர். இருவரும் ஒருவரையொருவர் சீண்டாத நிமிடம் இல்லை. வனவிலங்குக் காவலருக்கு முன்கூட்டியே போனில் தகவல் சொல்லியாயிற்று. நிலத்துக்காரர் கேட்டைத் திறந்துவிட்டுப் புலம்பினார்: "நேத்துதான் மக்காச்சோளம் ஊன்றினேன். அதுங்களுக்கு யாரு சேதி சொன்னாங்களோ!"

பன்றிகள் சால் பிடித்து நேராக நடந்து, மண்ணுக்குள் கிடக்கும் விதையை ஒவ்வொன்றாகக் கிளறித் தின்றுவிடுமாம். டெக்சாஸில் 25 லட்சத்துக்கும் மேல் இருப்பதாக மதிப்பீடு. முற்காலத்தில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகளின் வாரிசுகளும், 1930களில் வேட்டைக்காக அவிழ்த்துவிட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்துபோன இனம் இது. தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் பன்றி சுட லைசென்ஸே தேவையில்லை என்று 2019 செப்டம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது என்றால் தொல்லையின் அளவு புரியும்.

விளக்குகள் அணைந்தன. வண்டிக் கண்ணாடிகளை முழுக்க இறக்கினார்கள். சாதாரணக் கண்ணாடி வெப்பத்தை மறைத்துவிடும். அதனால்தான் வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவியின் லென்ஸே ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்தது. கண்ணை வைத்தேன். ஆஹா! சூடானதெல்லாம் வெள்ளை, குளிர்ந்ததெல்லாம் கறுப்பு. வரப்போரம் ஒரு முயல் குண்டு பல்பு போல எரிந்தது. மைத்துனர் கதவில் கை வைத்து எடுத்தார். ஐந்து விரலும் தகரத்தில் வெள்ளையாகப் பதிந்து மெல்ல அழிந்தன. இன்னொரு தடவை வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன்!

ஆனால் பகல் வெயிலை வாங்கிய பாறையும் வெள்ளைதான், மானும் வெள்ளைதான், படுத்திருக்கும் கன்றும் வெள்ளைதான். தலை எது, வால் எது என்று தெரியும்வரை விசைப்பக்கம் விரல் போகக்கூடாது. நிலத்துக்காரரின் மாடுகளை இருவரும் தனித்தனியாக எண்ணிச் சரிபார்த்தார்கள். சுட்டதைவிட அந்த நிதானம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதலில் கயோட்டிக்கு வலை. ஓநாய்க்குத் தம்பி முறை. நரியைவிடப் பெரியது, இளங்கன்றுகளுக்கு எமன். ரிமோட்டை அழுத்த, தூரத்தில் வைத்த ஒலிபெருக்கி அடிபட்ட முயலின் குரலில் வீரிட்டது. மைத்துனர் சிறு புட்டியை அமுக்கிப் பவுடரைப் பறக்கவிட்டுக் காற்றின் போக்கைப் பார்த்தார். கயோட்டி பெரும்பாலும் சுற்றிவளைத்து, நம் வாசம் காற்றில் போகும் பக்கமாகத்தான் வரும். வந்தது! நின்றது. மூக்கைத் தூக்கியது. ஒரே ஓட்டம்!

"உன் சட்டையில வெங்காய நாத்தம்டா. பர்கர் வேணாம்னு சொன்னேன்ல?"

"அது உங்க பூட்ஸ் நாத்தம் மச்சான்!"

நள்ளிரவு தாண்டித்தான் பன்றிகள் சிக்கின. துப்பாக்கியைத் தாங்கும் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்காற்றில் நடந்தோம். பன்றிக்குப் பார்வை மந்தம், மூக்கு அபாரம். இந்த ஊர் மண்ணும் நம் கரிசல்தான். அடிக்கு அடி பூட்ஸில் அப்பி, கால் கனத்துக்கொண்டே போனது. உறுமல் கேட்டது. தாய்கள், நடுத்தரங்கள், நடுவே துள்ளும் குட்டிகள். "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று மெக்கானிக் முணுமுணுக்க, இரண்டு துப்பாக்கியும் ஒன்றாக வெடித்தன. கூட்டம் ஓடைப்பக்கம் சிதறியது. சாலில் இரண்டு கிடந்தன.

வியர்வை அதற்குப் பிறகுதான். பன்றியிடமிருந்து புருசெல்லோசிஸ் என்ற நோய் தொற்றலாம் என்பதால் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பெரிய பெட்டையைச் சேற்றில் இழுத்தார்கள். குளிரிலும் சட்டை தெப்பலாக நனைந்தது. "இது ஆறு குட்டி போட்டா எட்டு பிழைக்கும்," என்றார் மெக்கானிக் மூச்சிரைக்க. டெக்சாஸில் எல்லோரும் சொல்லும் பழைய ஜோக்தான், அந்த நேரத்தில் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வேட்டுச் சத்தம் கேட்டு நிலத்துக்காரர் தூக்கக் கலக்கத்தோடு டார்ச்சுடன் வந்துவிட்டார். கிடந்த பன்றிகளைப் பார்த்தார், கிளறிய சாலைப் பார்த்தார். "வடக்கு மூலைய இன்னும் பாக்கலையா?"

மெக்கானிக்குக் காலை எட்டு மணிக்கு வேலை. மைத்துனர் அதற்குள் புது பேட்டரியை மாட்டியிருந்தார்.